ஆறடி இரண்டங்குலமும் ஒரு 150 சிசி வண்டியும்: முட்டி வலி போக நான் செய்தவை

என் உயரம் ஆறடி இரண்டங்குலம். ஓட்டுவது 150 சிசி வண்டி. சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் கட்டாயம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார், சர்க்கஸ் கரடி சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்கிற மாதிரி. ஊருக்குள் ஓட்டியவரை இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. மாதம் ஒரு முறை தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போக வேண்டி வந்த பிறகுதான் உடம்பு கணக்குக் கேட்க ஆரம்பித்தது. மதுராந்தகம் ஏரி கண்ணில் படுவதற்குள் இரண்டு முட்டியும் உள்ளுக்குள் குத்தும். திண்டிவனத்தில் டீக்கு இறங்கினால் முதல் பத்தடி தாத்தா நடைதான்.

வண்டியை மாற்றக் காசில்லை. அதனால் மூன்று தடவை பிரித்து மாட்டி, ஒருவழியாகச் சரி செய்தேன். இப்போது நிற்காமல் திண்டிவனம் தாண்டுகிறேன். செய்த முட்டாள்தனங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன், உங்களுக்கு ஒரு சீட் கவர் காசாவது மிஞ்சட்டும்.

அளவெடுங்கள், அப்புறம் ஸ்பானரைத் தொடுங்கள்

சீட், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில் பார். உடம்பு வண்டியைத் தொடுவது இந்த மூன்று இடத்தில்தான். ஒன்றை நகர்த்தினால் மற்ற இரண்டோடும் உள்ள தூரம் மாறிவிடும். எனக்கு இது புரிய எட்டு மாதம் ஆனது.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஷூ போட்டுக்கொண்டு, வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்காருங்கள். படம் எடுக்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். பக்கவாட்டில் நின்று, முட்டி உயரத்தில் போனைப் பிடித்து யாரையாவது படமெடுக்கச் சொல்லுங்கள். இடுப்பெலும்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் படத்தில் கோடு போட்டு இணைத்தால் முட்டியில் எத்தனை பாகைக் கோணம் என்று தெரியும். எனக்கு 80 பாகைக்கும் கீழே இருந்தது. 90-ஐத் தாண்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

அடுத்து டேப்பை எடுங்கள். சீட்டில் நீங்கள் உட்காரும் பள்ளத்திலிருந்து ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் மேல்பக்கம் வரை அளந்து எழுதி வையுங்கள். என் வண்டியில் 47 செ.மீ.

காட்லாக்கில் போட்டிருக்கும் சீட் உயரம் இதுவல்ல, அது தரையிலிருந்து அளப்பது. ஸ்பிளெண்டர் பிளஸ் 785 மி.மீ., கிளாசிக் 350 வண்டி 805 மி.மீ. வெறும் 20 மி.மீ. வித்தியாசம். தரையில் கால் எட்டுமா என்று கவலைப்படுகிறவர்களுக்கான எண் அது. நமக்குக் கால் எட்டாத பிரச்சினையே இல்லை, மடக்க இடமில்லாததுதான் பிரச்சினை. புது வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமுக்கு டேப் கொண்டு போங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

காசில்லாத வேலைகள் முதலில்

கிளட்ச், பிரேக் லிவர்களின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நேர்கோடு வரும்படி திருப்பி வையுங்கள். கியர் லிவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் பெரிய ஷூ உள்ளே நுழையும்.

பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங் இறுக்கும் படிகள் இருக்கும். உயரமானவர் பெரும்பாலும் எடையும் கூட இருப்பார் (நான் 88 கிலோ), கம்பெனியிலிருந்து வந்த நிலையில் உட்கார்ந்தவுடனே பின்பக்கம் அமுங்கிப்போகும். இரண்டு படி ஏற்றுங்கள். இதற்கு டூல் கிட்டில் வரும் சி-ஸ்பானர் போதும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டி ஏற்றாதீர்கள், என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ஒரு வாரம் இப்படியே ஓட்டிப் பாருங்கள். ஆறடிக்குக் கீழே இருப்பவர்கள் சிலருக்கு இதுவே போதும்.

சீட்

முதல் அறிவுரை: உங்கள் ஒரிஜினல் சீட்டில் கை வைக்காதீர்கள். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய பாகங்கள் விற்கும் இடத்தில் அதே மாடலுக்குப் பழைய சீட் ஒன்று தேடி வாங்கி, அதை வெட்டுங்கள். கவர் கிழிந்திருந்தால் பரவாயில்லை, அடித்தட்டு உடையாமல் இருக்கிறதா, லாக் கொக்கி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் தடவை நான் என் சீட்டையே ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். "ரெண்டு இன்ச் ஏத்திடலாம் சார், சோபா மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். சோபா மாதிரிதான் இருந்தது. கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தபோது சொர்க்கம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டுவதற்குள் ஃபோம் அமுங்கி, அடியிலிருந்த பழைய பள்ளத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். கூடவே புது ஃபோமின் ஓரங்கள் தொடையை இரண்டு பக்கமும் அமுக்க, கால் மரத்துப்போனது. மெத்தையும் வண்டி சீட்டும் ஒன்றல்ல. கையால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டாம் தடவை நானே செய்தது இது:

கவரின் பின்களைத் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, கவரைக் கிழிக்காமல் உரியுங்கள். பழைய ஃபோமை எறிய வேண்டாம். அதன் மேல் 40 மி.மீ. கனத்தில் ரீபாண்டட் ஃபோம், அதாவது பல நிறத் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்த கெட்டி ஃபோம். அதற்கும் மேலே வெறும் 10 மி.மீ. மென்மையான ஃபோம், தையல் உறுத்தாமல் இருக்க மட்டும். ஒட்டுவதற்கு ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு சேர்த்து அமுக்குங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் வழுக்கிக்கொண்டு நகரும்.

வடிவம் வெட்ட ஆக்ஸா பிளேடு போதும், கைப்பிடிகூட வேண்டாம், ஒரு முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். முன்பக்கம் தொடை வரும் இடத்தை ஒடுக்குங்கள். உட்காரும் இடம் கிட்டத்தட்டச் சமதளமாக இருக்கட்டும். தினசரி ஓட்டத்துக்கான பல கம்யூட்டர் வண்டிகளின் சீட் டேங்க் பக்கமாகச் சரியும். பிரேக் போட்டால் நாம் முன்னால் சறுக்கி, முட்டி இன்னும் மடங்கும்.

கவரைத் திரும்ப மாட்டும் முன் ஃபோமின் மேல் ஒரு பாலித்தீன் ஷீட். இதை நான் போடவில்லை. நவம்பர் மழையில் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் குடித்த ஃபோம், வெயில் அடித்த நாளிலும் என் பேண்ட்டை நனைத்தது. ஆபீஸில் எழுந்து நடக்கவே கூச்சம்.

அமுங்கியது போக எனக்குச் சீட் நான்கு செ.மீ. ஏறியது. முட்டி வலி பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் கை வலி வந்தது.

ஹேண்டில் பார்: நான் மாட்டிக்கொண்ட இடம்

நாம் மேலே போனால் ஹேண்டில் கீழே போன கணக்கு. நான்கு செ.மீ. உயர்ந்ததால் தோள் குனிந்து, உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கியது. இதற்கு வழி ரைசர். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு அடியில் வைக்கும் அலுமினியக் கட்டைதான் ரைசர். வாங்கும் முன் பாரின் விட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளில் 22 மி.மீ., தடித்த பார் உள்ள பெரிய வண்டிகளில் 28 மி.மீ. தனித்தனியாக ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களில், பிடித்திருக்கும் கிளிப்-ஆன் ஹேண்டில் என்றால் ரைசர் போட முடியாது.

போல்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் எண் பொறித்த போல்ட்டாக, ரைசரின் உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் வாங்குங்கள். 8 மி.மீ. போல்ட் என்றால் மரைக்குள் குறைந்தது 12 மி.மீ. இறங்க வேண்டும். மூன்று சுற்றில் இறுகிவிட்டது என்றால் அது பிடிக்கவில்லை, பிடித்த மாதிரி நடிக்கிறது. இந்த ஒரு வேலைக்காவது, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கடன் வாங்குங்கள். ஸ்க்ரூ ஸ்பானரை வீட்டுக் குழாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள், வண்டிப் பக்கம் கொண்டு வராதீர்கள். டி-ஸ்பானரில் 10, 12, 14, கூடவே ஒரு ஆலன் கீ செட். என் பெட்டியில் தப்பாரியா கம்பெனி ஸ்பானர்தான் இருக்கிறது, பத்து வருடமாக ஒரு முனை மழுங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் முதலில் வாங்கியது 40 மி.மீ. ரைசர். மாட்டி முடித்து உட்கார்ந்தால் அப்படி ஒரு நிமிர்வு. கிளட்ச் பிடித்துப் பார்த்தேன், பிரேக் பிடித்துப் பார்த்தேன், எல்லாம் சரி. அன்று மாலை மேடவாக்கத்தில் யூ-டர்ன் எடுக்க ஹேண்டிலை வலது பக்கம் முழுக்க ஒடித்தேன். நான் ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை, இன்ஜின் தானாக 'ஊ' என்று ஏறியது. பாதி கிளட்சில் இருந்த வண்டி முன்னால் பாய்ந்து, ஷேர் ஆட்டோவின் பின் கம்பிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. உள்ளே இருந்த அம்மா என்னைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

நடந்தது இதுதான். ஹேண்டில் நான்கு செ.மீ. மேலே போனதில் ஆக்சிலரேட்டர் கேபிளில் இருந்த தளர்வு முழுக்கத் தீர்ந்துவிட்டது. நேராக இருக்கும்போது அது தெரியாது. முழுக்க ஒடிக்கும்போது கேபிளின் உறை விறைத்து, உள்கம்பியை இழுத்துவிடுகிறது. நான் சோதித்ததெல்லாம் ஹேண்டிலை நேராக வைத்துக்கொண்டு.

அதனால் ரைசர் போட்டவுடன், தெருவில் இறக்கும் முன், இதைச் செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டில், நியூட்ரலில், இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை மெதுவாக இடது கோடிக்கும் வலது கோடிக்கும் கொண்டு போங்கள். சத்தம் ஒரு இழை மாறினாலும் கேபிள் இழுக்கிறது என்று அர்த்தம். இரண்டு கோடியிலும் கிளட்ச் லிவரில் கொஞ்சம் வெறும் ஆட்டம் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் கிளட்ச் முழுக்கப் பிடிக்காமல் வழுக்கி, சில வாரத்தில் பிளேட் கருகும். டிஸ்க் பிரேக் ஹோஸுக்கு இன்னொரு சோதனை உண்டு: பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஃபோர்க் முழுக்க நீண்ட நிலையில், இரண்டு கோடியிலும் ஹோஸ் விறைக்கக் கூடாது.

விறைத்தால்? ஹெட்லைட் பின்னால் கேபிள்களைக் கட்டியிருக்கும் கிளிப்பைக் கழற்றி, வளைவு குறைவான வழியில் ஓடவிடுங்கள். எனக்கு இதில் இரண்டு செ.மீ. கிடைத்தது. மீதிக்கு 40-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு 25 மி.மீ. ரைசர் வாங்கினேன். அதிக உயரம்தான் வேண்டும் என்பவர்கள் நீளமான கேபிளும் ஹோஸும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஃபுட்ரெஸ்ட்டை இறக்கலாமா?

நான் இறக்கவில்லை. என் வண்டியில் இன்ஜினுக்கு அடியில் ஒரே கம்பியாகப் போல்ட் போட்டிருக்கிறது. "வெட்டி வெல்டிங் வெச்சுத் தரேன்" என்று ஒருவர் சொன்னார், கும்பிட்டுவிட்டு வந்தேன். முழு எடையையும் தாங்குகிற இடம் அது, வளைவில் சாய்ந்தால் முதலில் தரையைத் தொடுவதும் அதுதான். உங்கள் மாடலுக்கென்றே போல்ட் போட்டு மாட்டும் இறக்கும் தகடு கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். அப்போது பிரேக் பெடலையும் கியர் லிவரையும் சேர்த்தே இறக்க வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு வரி: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சீட் ஃபோமும் சின்ன ரைசரும் அந்த விவரங்களைத் தொடுவதில்லை. சேஸை வெட்டுவது, சக்கர அளவை மாற்றுவது எல்லாம் வேறு கதை.

பின்சேர்க்கை 1: திருநெல்வேலியிலிருந்து ஒருவர், ரைசர் போட்ட மறுநாள் செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார். வலது சுவிட்சுக்குப் போகும் ஒயர் இழுபட்டு, சாக்கெட்டில் பாதி கழன்றிருந்ததாம். நியாயம்தான், நான் கேபிளை மட்டும் சொல்லி ஒயரை விட்டுவிட்டேன். கோடிக்குக் கோடி திருப்பும்போது ஹாரன், இண்டிகேட்டர், செல்ஃப், டிஸ்க் பிரேக் விளக்கு எல்லாவற்றையும் அமுக்கிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: பிரேக் பெடலை இறக்கியவருக்குப் பின் விளக்கு அணையவே இல்லையாம். பெடலோடு ஸ்பிரிங்கில் தொங்கும் சுவிட்ச் இருக்கிறது, அதன் நட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். சுவிட்ச் உடம்பைத் திருப்பாதீர்கள், ஒயர் முறுக்கிக்கொள்ளும்.

பின்சேர்க்கை 3: ஷாக்கை ஏற்றிய பிறகு இரவில் ரோடு சரியாகத் தெரியவில்லை என்று இரண்டு பேர். பின்பக்கம் உயர்ந்தால் ஹெட்லைட் மூக்கு கீழே குனியும். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, ஷாக்கைத் தொடும் முன்பே வெளிச்சத்தின் மேல் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொண்டால், பிறகு அதே கோட்டுக்குக் கொண்டு வரலாம். இரண்டு தடவையும் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது கோடு போடுவது இன்னொருவராக இருக்கட்டும்.

பின்சேர்க்கை 4: என் வீட்டிலிருந்தே ஒரு புகார். ஐந்தடி நான்கங்குலம் உள்ள அப்பா கடைக்குப் போக வண்டியை எடுத்தவர், கேட் தாண்டும் முன்பே இறங்கிவிட்டார். பரணில் இருக்கும் ஒரிஜினல் சீட்டை மாற்றிக் கொடுத்தேன். சாவியால் திறந்து மாட்ட ஒரு நிமிடம்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி அவருடையது.