மழை பெய்த வளவிலிருந்து ஆங்கிலம்: சின்ன வயதுக் கதையை வைத்துப் பேசிப் பழகுங்கள்

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களை 'மை நேம் இஸ்' என்று தொடங்கச் சொல்கிறார்கள். பெயர், ஊர், வேலை. மூன்று வாக்கியத்தில் சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

காரைக்குடியில் எங்கள் தெருவில் இருக்கும் ஆச்சி ஒருவரும் அங்கேதான் மாட்டிக்கொண்டார். பேரன் அமெரிக்காவில். அவனுக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும், பேச வராது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். 'சாப்பிட்டியா'வுக்கு மேல் பேச்சு நகராது. "தம்பி, எனக்கு அவன்கிட்ட கதை சொல்லணும். அதுக்கு மட்டும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்க, போதும்" என்றார். பாடப்புத்தகம் பின்னால் தள்ளி வைத்திருக்கும் இறந்தகாலத்தை நாங்கள் முதலில் எடுத்தோம். வேலை சுலபமானது. சொல்ல விஷயம் இருப்பவருக்குச் சொல் மட்டும்தானே வேண்டும்?

உங்களுக்குத் தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு, குரல் பதிவு செய்யும் செல்போன், தினம் இருபது நிமிடம். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். இங்கே உச்சரிப்புக்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்; நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரே ஒரு மூலை

'என் குழந்தைப் பருவம்' என்று ஆரம்பிக்காதீர்கள். அது கடல். ஓர் இடத்தைப் பிடியுங்கள்: முகப்புத் திண்ணை, ஊருணிப் படிக்கட்டு, பல்லாங்குழி ஆடிய தாழ்வாரம். ஆச்சி எடுத்துக்கொண்டது வளவு, அதாவது வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் அங்கேதானே இறங்கும்!

அந்த இடத்தைப் பற்றிச் செல்போனில் தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும். ஆச்சி பதிவு செய்தது இது: "மழை வந்தா அண்டா, தவலை எல்லாத்தையும் ஆயா வளவுல வரிசையா வைப்பாக. நாங்க நனைஞ்சுக்கிட்டே ஆடுவோம். ஒருநா நான் ஓடிப்போயி, வழுக்கி விழுந்து, அண்டா விளிம்புல இடிச்சு முன்பல்லு ஒடைஞ்சுபோச்சு."

இரண்டாம் படி: வெட்டுங்கள்

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். ஓடி, வழுக்கி, விழுந்து, இடித்து என்று கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் முடிச்சுப் போடுகிறோம். தமிழுக்கு அது அழகு. அதே சங்கிலியை ஆங்கிலத்தில் இழுக்கப் பார்த்தால் நடுவில் மூச்சு முட்டும். ஒரு வினைக்கு ஒரு வாக்கியம் என்று வெட்டிவிடுங்கள்.

'ஐ ரேன். ஐ ஸ்லிப்ட். ஐ ஃபெல். ஐ ப்ரோக் மை டூத்.'

"என்ன தம்பி, தந்தி அடிச்ச மாதிரி இருக்கு?" என்றார் ஆச்சி. தந்தியே போதும். பத்து நாள் கழித்து 'அண்ட்', 'தென்' போட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

இதில் ஒரு நஷ்டமும் ஒரு லாபமும் உண்டு. 'விழுந்தேன்' என்ற சொல்லுக்குள்ளேயே 'நான்' இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு தடவையும் 'ஐ' போட்டாக வேண்டும். ஆனால் விழுந்தேன், விழுந்தாள், விழுந்தார்கள் என்று வாலை மாற்றும் வேலை அங்கே இல்லை. யார் விழுந்தாலும் 'ஃபெல்'தான். ஆளுக்கு ஆள் மாறுவது 'வாஸ்', 'வேர்' இரண்டு மட்டும்.

மூன்றாம் படி: 'வைப்பாக' என்பது எந்தக் காலம்?

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

'ஆயா வைப்பாக', 'நாங்க ஆடுவோம்'. உருவத்தில் எதிர்காலம். நாளைக்கு ஆடப் போவதையும் 'ஆடுவோம்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் நினைவு பேசும்போது அதே உருவம் 'அந்தக் காலத்தில் வழக்கமாக' என்ற பொருளைத் தருகிறது. தமிழ்க் காதுக்கு இது குழப்பமே இல்லை. அப்படியே பெயர்த்து 'வீ வில் டான்ஸ் இன் த ரெயின்' என்றால், நாளைக்கு மழை வந்தால் ஆச்சி ஆடப் போகிறார் என்று பேரன் நினைத்துக்கொள்வான்.

அந்த 'வோம்', 'பாக' வரும் இடத்திலெல்லாம் 'யூஸ்ட் டு' போடுங்கள். 'மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு கீப் பிக் பாட்ஸ் தேர். வீ யூஸ்ட் டு டான்ஸ் இன் த ரெயின்.' சொல்லும்போது இரண்டையும் ஒட்டி, 'யூஸ்ட்டு' என்றே சொல்லலாம்.

பிறகு 'ஒருநா' வருகிறது பாருங்கள், அங்கே கதை திரும்புகிறது. 'ஒன் டே' என்று சொன்னதும் 'யூஸ்ட் டு'வை விட்டுவிட்டு 'ரேன்', 'ஃபெல்'லுக்கு வந்துவிட வேண்டும். பல் ஒரு தடவைதான் உடைந்தது. 'ஐ யூஸ்ட் டு ப்ரேக் மை டூத்' என்றால் வாராவாரம் உடைத்துக்கொண்டதாகிவிடும்.

ஆக, வழக்கத்துக்கு மூன்று வாக்கியம், 'ஒன் டே', நடந்ததற்கு ஐந்து வாக்கியம். நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு மேலும் கீழுமாக எழுதுங்கள். எந்தக் கதையும் இந்தப் பக்கத்தில் அடங்கும்.

இன்னொன்று. இப்போதும் இருக்கும் பழக்கத்துக்கு இது ஆகாது. தினமும் காபி குடிக்கிறவர் 'ஐ ட்ரிங்க் காஃபி' என்றால் போதும். 'யூஸ்ட் டு' போட்டால் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நான்காம் படி: சுவரில் மாட்டிய படங்கள்

'சின்ன வயசுல' என்பதை 'இன் மை ஸ்மால் ஏஜ்' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. 'வென் ஐ வாஸ் எ சைல்ட்' என்று மாற்றுங்கள். எட்டு வயது என்றால் 'வென் ஐ வாஸ் எய்ட்'. 'ஏஜ்' என்ற சொல்லே வேண்டாம்.

வயதுப் பருவங்களுக்குத் தனியாகப் பட்டியல் மனப்பாடம் செய்யாதீர்கள். வீட்டுச் சுவரில் வரிசையாகப் படம் மாட்டியிருக்கும் அல்லவா, அதன் முன்னால் போய் நில்லுங்கள். தொட்டிலில் இருப்பது 'பேபி'. தத்தக்கா பித்தக்கா என்று நடப்பது 'டாட்லர்'. அப்புறம் 'சைல்ட்'. 'தர்ட்டீன்' முதல் 'நைன்டீன்' வரை வாலில் 'டீன்' இருப்பதால் அந்த வயதுக்காரர் 'டீனேஜர்'. பன்னிரண்டு வயதுப் பெண் இன்னும் அதில் சேரவில்லை. மணிவிழா மாலையோடு இருப்பவரிடம் 'ஓல்ட்' என்று சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொள்வார். 'இன் ஹிஸ் சிக்ஸ்டீஸ்' மரியாதையாக இருக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வாக்கியம். ஆச்சி வீட்டில் அவருடைய அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) கோட்டுப் போட்டு நிற்கும் படம் இருக்கிறது. 'ஹீ வாஸ் நைன்டீன். ஹீ வென்ட் டு ரங்கூன்.' 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்த சமயத்தில் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய எத்தனையோ பேரில் அவரும் ஒருவர். 'ஹீ வாக்ட் பேக் டு இண்டியா' என்று சொல்லிவிட்டு ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றைக்குப் பாடம் அதோடு சரி.

பருவங்களில் தவறாமல் வரும் மூன்று வாக்கியங்கள்: பிறந்தேன் என்றால் 'ஐ வாஸ் பார்ன்', 'ஐ பார்ன்' இல்லை. கல்யாணம் ஆனது என்றால் 'ஐ காட் மேரிட்'. தவறிப்போனார் என்பதற்கு 'ஹீ பாஸ்ட் அவே'. நம் சொல்லில் இருக்கும் அதே மென்மை அதிலும் இருக்கிறது.

ஐந்தாம் படி: வால் ஓசை

'வாக்ட்' என்று ஒரே மூச்சில் முடியுங்கள், 'வாக்கெட்' அல்ல. 'குக்ட்', 'ஸ்லிப்ட்' எல்லாம் அப்படியே. வினையின் கடைசி ஓசை ஏற்கெனவே 'ட்' ஆக இருந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: 'வான்டட்', 'ஷவுட்டட்'.

ஆறாம் படி: பெயர்க்காத சொற்கள்

அப்பத்தாவும் ஆயாவும் ஆங்கிலத்தில் ஒரே 'கிராண்ட்மதர்'. உறவைப் பிரித்துக் காட்ட 'மை மதர்ஸ் மதர். வீ கால் ஹெர் ஆயா' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு 'ஆயா' என்றே போய்விடுங்கள். இந்த அறிமுகம் அவசியம், ஏனென்றால் ஆங்கிலத்திலும் 'ஆயா' என்றொரு சொல் உண்டு. அது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பெண்ணைக் குறிக்கும். கந்தரப்பத்தையும் பெயர்க்க வேண்டாம். 'எ ஸ்வீட்' என்று சேர்த்துக்கொண்டால் போதும்.

ஏழாம் படி: சொல்லுங்கள், கேள்வி வரட்டும்

நோட்டைப் பார்த்து மூன்று தடவை வாய்விட்டுப் படியுங்கள். நோட்டை மூடி ஒரு தடவை பதிவு செய்யுங்கள். பிறகு யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள், நடுவில் திருத்தாத ஆளாகப் பார்த்து. வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்பது என் கருத்து.

கேட்பவர் 'டிட்' போட்டுக் கேட்பார். அந்த 'டிட்' இறந்தகாலத்தைத் தன்னோடு எடுத்துக்கொள்ளும். வினை பழையபடி நிற்கும். 'டிட் யூ ஃபால்?' என்பது சரி, 'டிட் யூ ஃபெல்?' தவறு. மறுத்துச் சொல்லும்போதும் 'ஐ டிட்ன்ட் ஃபால்'.

பல் கதையைக் கேட்டுவிட்டுப் பேரன் கேட்டது, 'டிட் யூ க்ரை?' ஆச்சி ஒரு நொடி யோசித்தார். 'ஐ டிட்ன்ட் க்ரை. ஆயா க்ரைட்.' அப்புறம் என் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் அடுப்படி, தம்பி" என்றார்.