ஊர்க் குளத்தை மீன்பாசி குத்தகைக்கு எடுப்பது எப்படி? முதலில் பசலியைப் பாருங்கள்

ஊர்க் குளத்தில் மீன் வளர்க்கலாம் என்று நானும் சித்தப்பா மகனும் முடிவெடுத்ததும், லைசென்ஸ் எங்கே வாங்குவது என்றுதான் அலைந்தோம். ஊர்க் குளத்துக்கு லைசென்ஸ் அட்டை தேட வேண்டாம். ஏலத்தில் எடுக்கிற குத்தகைதான் உங்கள் உரிமை. அறிவிப்பில் 'மீன்பாசி ஏலம்' என்று இருக்கும், குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கான ஏலம் அது. பாசி என்று படித்துவிட்டு நமக்கில்லை என்று கடந்துவிடாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டியது. (கடலுக்குப் போகும் படகுக்கு 1983-ம் ஆண்டு கடல் மீன்பிடிச் சட்டப்படி பதிவும் உரிமமும் உண்டு. அது வேறு வழி.)

படி 1: குளம் யாருடையது?

புல எண்ணை வைத்து 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஆனாலும் அந்தத் தாளோடு வி.ஏ.ஓ.வை நேரில் பார்ப்பதுதான் என் வழக்கம். எந்த அலுவலகம் ஏலம் விடுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். ஊராட்சி, ஒன்றியம், நீர்வளத்துறை, கோயில் என்று குளத்துக்குக் குளம் மாறும். ஊரில் 'நாலு மா குளம்' என்பார்கள், பதிவேட்டில் ஹெக்டேர் கணக்கு. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், ஒரு ஹெக்டேர் 247 சென்ட். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஏலத்துக்குப் போங்கள்.

படி 2: பசலி

நாங்கள் அடிபட்டது இங்கேதான். கார்த்திகையில் ஒரு மறு ஏலம் வந்தது. 'ஒரு வருடம்' என்று சொன்னார்கள். அடுத்த கார்த்திகை வரை என்று நம்பி, முழுப் பணத்தையும் கட்டிக் குஞ்சு விட்டோம். ரசீதில் பசலி எண் மட்டும்தான் இருந்தது. பசலி என்பது வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். அதாவது, கையில் கிடைத்தது ஏழு மாதம். கட்லா அரைக் கிலோகூட வராத நிலையில் வலை போட்டு அள்ளினோம். அன்று தரையில் துள்ளிய சின்ன மீன்களைப் பார்க்கவே மனசு வலித்தது.

ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் தொடங்கும் பசலி வரும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. ரசீதை வாங்கும்போதே, எந்தத் தேதி வரை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

டெல்டாவுக்குப் பசலி நன்றாகவே பொருந்துகிறது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஜூலையில் குஞ்சு விட்டால், குளம் வற்றும் கோடையில் பிடிக்கலாம். அதனால் மே, ஜூனிலேயே ஏல அறிவிப்பைத் தேடுங்கள். மூன்று பசலிக்குச் சேர்த்து ஏலம் விட்டால் அதைத்தான் எடுப்பேன். கரை, வேலி என்று செலவு செய்ய அப்போதுதான் மனசு வரும்.

படி 3: பணம்

முன்வைப்புத் தொகையை அறிவிப்பில் சொன்னபடி டி.டி.யாக எடுத்துப் போங்கள். ஏலம் கிடைக்காவிட்டால் திரும்பி வரும். அப்புறம் ஏலத் தொகை, முத்திரைத்தாள், மீன்குஞ்சு, வலைக்கூலி, இரவுக் காவல். காவலைக் கணக்கில் சேர்க்காமல் ஏலம் கேட்காதீர்கள், மாதாமாதம் போகிற செலவு அது.

குஞ்சுக்குத் தஞ்சை மாவட்டத்தின் கரந்தை, அணைக்கரை அரசு மீன் பண்ணைகளில் முதலில் கேளுங்கள். கட்லா, ரோகு, மிருகால் போதும். விரால் இருக்கிற குளத்தில் சின்னக் குஞ்சு விட்டால் அதற்கு இரையாகிவிடும். விரலளவு வளர்ந்ததையே கேட்டு வாங்குங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருக்கிறது, மலிவாகத் தருகிறேன் என்று யார் வந்தாலும் வேண்டாம்.

மீன் பிடிக்க வெடியோ விஷமோ கூடாது, 1897-ம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். பாசனக் குளமாக இருந்தால் தண்ணீர் முதலில் வயலுக்கு. மீனைப் பிடிக்க மதகைத் திறந்து வடித்தால் ஊரே எதிரே நிற்கும், அது நியாயமும்கூட.

பின்சேர்க்கை: கோயில் குளத்துக்கு என்ன வழி என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரைப் பாருங்கள், ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு நாளை வீணாக்க வேண்டாம். இன்னொருவர் தூண்டில் பற்றிக் கேட்டார். குத்தகைக்குப் போன குளத்தில் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். எங்கள் குளத்தில் பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் தூண்டில் போட்டு ஆளுக்கு இரண்டு சிலேபி பிடிப்பார்கள், நாங்கள் தடுப்பதில்லை.