பிள்ளைக்காகப் பள்ளியில் பேசப் போகுமுன்

பிள்ளை படிப்பில் தடுமாறும்போது, "எம் பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தால் எதுவும் மாறாது. வகுப்பிலுள்ள எல்லாப் பெற்றோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்கிறானா? வாயால் சரியாகச் சொல்வதைத் தாளில் கோட்டை விடுகிறானா? கூடவே கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். போர்டு தெரியாத பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர் விழுவது மிகப் பெரிய அநியாயம்.

முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள், பாடவேளையில் வேண்டாம். எடுத்த எடுப்பில் தலைமையாசிரியரிடம் போனால் வகுப்பாசிரியர் மனம் விட்டுப் பேசமாட்டார். அப்பா சிங்கப்பூரில் இருக்க, அப்பத்தாவோ ஆயாவோ (அம்மாவின் அம்மா) போகிற வீடுகள் நம் செட்டிநாட்டுப் பக்கம் நிறைய. அவர்கள் கையில் அந்த நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். இல்லாவிட்டால் பேச்சு நலம் விசாரிப்போடு முடிந்துவிடும்.

இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் தலைமையாசிரியருக்கு மனு. ஒரு பக்கம் போதும்: பிள்ளையின் பெயர், வகுப்பு, நடந்தது, தேதி, யாரிடம் எப்போது பேசினீர்கள், இப்போது என்ன வேண்டும். கேட்பது செய்யக்கூடியதாக இருக்கட்டும்: "முன்வரிசையில் உட்கார வையுங்கள்", "வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்" (கற்பதில் சிரமமுள்ள பிள்ளைகளுக்கு உதவும் கல்வித் துறை ஆசிரியர் அவர்). இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. அரசுப் பள்ளியென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் எழுப்பலாம். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்.

கற்றல் குறைபாடு, அதாவது வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ விடாமல் இருக்கும் சிரமம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ வேண்டுமானால் மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றுக்கு அலையத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு தை மாதத்தில் ஓடினால் கிடைப்பது கடினம்.

அடி, அவமானப்படுத்துதல் என்றால் இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 இரண்டையும் தடை செய்கிறது. 14417 கல்வி உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண்.

அதற்கும் மேலே போக வேண்டுமானால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. பொன்னமராவதி, திருமயம் பக்கம் புதுக்கோட்டை. முத்திரையிட்ட அந்தப் பிரதியின் நகலை மனுவோடு இணையுங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.