ஹாலிபட் பிடிக்க, இரையின் வால் பக்கம் இன்னொரு தூண்டில் முள்

கலிபோர்னியக் கரையோரம் கயாக்கில் (துடுப்பால் செலுத்தும் சிறு படகில்) ஹாலிபட் என்ற தட்டை மீனைப் பிடிக்கப் போகிறவர்கள், இரையான உயிருள்ள மத்தியின் மூக்கில் ஒரு தூண்டில் முள் கோத்ததோடு நிறுத்த வேண்டாம். அதிலிருந்து குட்டையான நைலான் நரம்பில் சிறிய மும்முனை முள்ளைக் கட்டி, ஒரு முனையை மட்டும் வாலுக்குச் சற்று முன்னால் தோலில் லேசாகக் குத்துங்கள். நரம்பு சற்றுத் தளர்வாக இருக்கட்டும்; இழுத்துக் கட்டினால் மத்தி நீந்தாது, வளைந்து சுழலும்.

மணலில் புதைந்து கிடக்கும் ஹாலிபட் பெரும்பாலும் பின்னாலிருந்து பாய்ந்து, இரையின் வாலையோ நடு உடலையோ முதலில் கவ்வி நசுக்கும். முன்முள் மட்டும் இருந்தால் பாதி மத்திதான் மிஞ்சும்.

பாறையும் கடற்பாசிக் காடும் உள்ள இடத்தில் இது சிக்கிக்கொண்டே இருக்கும், வீண். சிறு மீன்களே அகப்படும் இடத்திலும் தவிர்த்துவிடுங்கள்: 22 அங்குலத்துக்குக் குறைந்தவற்றைத் திரும்ப விட வேண்டும், மும்முனை முள் வாயைக் கிழித்துவிடும். அலாஸ்காவின் பெரிய பசிபிக் ஹாலிபட்டுக்கு நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளே போதும். கயாக்கில் துள்ளும் மீனுக்கும் உங்கள் தொடைக்கும் இடைவெளி குறைவு என்பதால், முள் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுவது நல்லது.