உதவி வந்துசேரும்வரை ஊர் யாரை நம்பும்? பேரிடருக்குத் தயாராகும் உள்ளாட்சிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. பல உள்கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. இத்தனையும் நடந்தபோது தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், உள்ளாட்சிகள் தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்தன. ஒரு அலுவலர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருக்கும்போது, ஊருக்குள் நின்று முடிவெடுக்க யார் இருந்திருப்பார்கள்?

பேரிடர் என்றால் அது கலெக்டர் அலுவலகத்தின் வேலை என்று ஊராட்சியும் பேரூராட்சியும் ஒதுங்கிக்கொள்வதுதான் எல்லாத் தவறுகளுக்கும் மூலம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அப்படி ஒதுங்க விடவில்லை. பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, கருவிகளையும் பொருட்களையும் உடனே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருப்பது எல்லாம் உள்ளாட்சியின் கடமை என்று அதன் 41ஆவது பிரிவு சொல்கிறது. அரக்கோணத்திலிருந்து மீட்புப் படை எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும், உங்கள் ஊர்ச் சாலையில் கிடக்கும் புளியமரத்தை யாராவது அறுத்த பிறகுதான் உள்ளே வர முடியும். அறுக்கும் மிஷின் ஊரில் யாரிடம் இருக்கிறது, அதை ஓட்டத் தெரிந்தவர் யார் என்பது செப்டம்பரிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த தவறு, போனும் கரண்ட்டும் இருக்கும் என்ற நினைப்பிலேயே திட்டம் போடுவது. முக்கியமான நம்பர் எல்லாம் செயலரின் செல்போனில் இருக்கும். டவர் போய், சார்ஜும் தீர்ந்தால் அந்தப் பட்டியலும் போய்விடும். காகிதத்தில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். எந்தத் தெருவுக்கு யார் நேரில் போய்ச் சொல்வது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புயல் அறிவிப்பு வந்ததும் மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பி வைப்பது பல ஊர்களில் வழக்கம், நல்லது. அது தீர்ந்த பிறகுதான் சிக்கல். ‘ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்’ என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருப்பார்கள். பக்கத்து ஊர்கள் எல்லாம் அதே வாடகைக் கடைக்குத்தான் போன் போடும். கிடைத்தாலும் அது உங்கள் போர்வெல் மோட்டாரை ஓட்டுமா? ஓடும்போது இழுப்பதைவிட ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அங்கேயே நின்றுவிடும். அதனால் டேங்க் ஆபரேட்டரை வைத்துக்கொண்டு முன்கூட்டியே ஒருமுறை இணைத்து ஓட்டிப் பாருங்கள். கல்யாண மண்டபத்திலோ அரிசி ஆலையிலோ ஜெனரேட்டர் இருந்தால், அவசரத்துக்குத் தருவதாக எழுத்தில் வாங்கி வையுங்கள். டீசலையும் மறக்க வேண்டாம், கரண்ட் இல்லாவிட்டால் பங்க்கில் பம்ப்பும் ஓடாமல் போகலாம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. ஈபி லைனைப் பிரிக்காமல் ஜெனரேட்டரை இணைத்தால் கரண்ட் லைனில் திரும்பி ஏறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஒயர்மேனின் உயிர் போய்விடும். ஈபி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணையவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாத மோட்டார் ரூமில் ஜெனரேட்டரை இணைக்கவே கூடாது.

அப்புறம், போன தடவை வந்த பேரிடருக்கே மறுபடியும் தயாராவது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தன. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடலோர ஊர், மழையில் மூழ்கியது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணை ஆற்றில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் தங்கள் ஊர் வானத்தை மட்டும் பார்த்து ஆபத்தைக் கணக்கிட முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேலே எந்த அணை, எந்த ஏரி, அங்கே திறந்தால் எத்தனை மணி நேரத்தில் நம் ஊருக்கு வரும் என்று நீர்வளத் துறையிடம் கேட்டு வைக்க வேண்டும். தூங்குகிற நேரத்தில் செய்தி வந்தால் கதவைத் தட்டி எழுப்புவது யார்? அந்தப் பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

முகாம் என்று பள்ளிக்கூடத்தைக் குறித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். கழிப்பறையில் தண்ணீர் வருமா, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா, படி ஏற முடியாதவர் எப்படி உள்ளே போவார் என்று நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு வரச் சொன்னால் பலர் வரமாட்டார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று திட்டுவதில் நியாயமில்லை, அதுதான் அவர்கள் சொத்து. மேட்டு நிலத்தில் கால்நடைக்கு ஓர் இடம் ஒதுக்கினால் மனிதர்களும் கிளம்புவார்கள்.

யார் பெயர் பட்டியலில் விடுபடுகிறது என்பதில்தான் எனக்கு மிகவும் வருத்தம். சுனாமிக்குப் பிறகு நிவாரணம் தங்கள் குடியிருப்புக்கு வரவில்லை என்று தலித் மக்களும் இருளர்களும் முறையிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கொடுக்கும் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் இது திரும்பத் திரும்ப நடக்கும். காலனி, செங்கல் சூளை, வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் கொட்டகை என்று தனித்தனியாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் விவரம் கிராம சுகாதார செவிலியரிடம் ஏற்கெனவே இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், காது கேளாதவர்கள் பெயர்களையும் அதோடு சேர்த்தால் போதும்.

தண்ணீர் வடிந்ததும் முதலில் சேற்றில் இறக்கப்படுவது தூய்மைப் பணியாளர்கள். பூட்ஸ் இல்லாமல், கையுறை இல்லாமல், டெட்டனஸ் ஊசி இல்லாமல் அவர்களை இறக்குவது பெரிய அநியாயம். எலிக்காய்ச்சல் அந்தச் சேற்றில்தான் காத்திருக்கிறது. அவர்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம் வந்திருக்கும். அங்கே யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்ட பிறகு வேலைக்குக் கூப்பிடுங்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் பிரித்துப் பாருங்கள், ஈரம் பட்டுப் பழசானால் அதற்கு வீரியம் இருக்காது.

இதையெல்லாம் பேச வசதியான நாள் அக்டோபர் 2 கிராம சபை. நவம்பர் 1 சபைக்குத் தள்ளினால் வடகிழக்குப் பருவமழை அதற்குள் தொடங்கியிருக்கும். தலைவர் பதவியில் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, ஜெனரேட்டர், மரம் அறுக்கும் மிஷின், முகாம், தெருவாரியான பொறுப்பாளர் பெயர்கள் ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதியதை அங்கேயே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் சொல்லப்பட்டவர் சபையில் இருந்தால், அவருக்கு அது தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.