விளம்பரத்தைத் தடுக்கப் போய் போனையே கொடுத்துவிடாதீர்கள்

ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் தோட்டப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கணினியும் சொல்லிக் கொடுக்கிறேன். "அண்ணே, இந்த ஆட் வராம ஏதாவது போட்டுத் தாங்க" என்று யாராவது வந்து நிற்காத நாள் இல்லை. கேட்பது நியாயம். மலையில் டேட்டா என்பது ரீலோட் போட்டு அளந்து செலவழிக்கும் சாமான். லயத்துக்குள் சிக்னல் இழுக்காது. வெளியே வந்து கோயில் மேட்டில் நின்று ஒரு செய்தியைத் திறந்தால், செய்தி வருவதற்குள் விளம்பர வீடியோ ஓடி பெக்கேஜில் ஒரு பங்கைத் தின்றிருக்கும். அதனால் விளம்பரத்தைத் தடுக்காதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தடுக்கிற விதம்தான் பிரச்சினை. முன்பு எங்கள் வயசுக்காரர்கள் செய்த அதே பிழைகளை இப்போது தரம் 10 படிக்கும் பிள்ளைகள் செய்கிறார்கள். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே, தெரியாத லிங்கைத் தொடாதே என்பதெல்லாம் எல்லோரும் கேட்டுச் சலித்தவை. அவற்றை இங்கே எழுதவில்லை.

பெரிய பச்சை பட்டனை அமுக்குவது

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் தேடிப் போவார்கள். அந்தத் தளங்கள் பலவற்றில் "டவுன்லோட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும் பச்சை பட்டன் விளம்பரம். உண்மையான இணைப்பு அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பச்சையை அமுக்கினால் "உங்கள் போனில் வைரஸ்" என்ற எச்சரிக்கையும், அதைத் துடைக்க ஒரு ஆப்பும் வரும். வினாத்தாள் என்றால் பிடிஎப் கோப்பு. கைக்கு வந்த கோப்பின் பெயர் ஏபிகே (.apk) என்று முடிந்தால் அது ஆப் நிறுவும் கோப்பு, திறக்காமல் அழித்துவிடுங்கள்.

இரண்டு தடுப்பான்களை ஒன்றாகப் போடுவது

ஒன்று போதும்.

பெயரைப் பாதி படிப்பது

யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் ஒன்று. ஒரிஜின் இல்லாத வெறும் யூபிளொக் வேறு கைகளில் உள்ள வேறு சாமான். 2017இல் அட்பிளொக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பானின் பெயரிலேயே ஒரு போலி, கூகுளின் குரோம் கடைக்குள் புகுந்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் நீக்கப்பட்டது. கூகுளின் கடையிலேயே இருந்தது என்பது மட்டும் போதுமான சாட்சி ஆகாது. எனவே பெயரை முழுதாகப் படியுங்கள், யார் வெளியிட்டது என்றும் பாருங்கள்.

கணினியில் குரோம் பாவிப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 முதல் கூகுள் பழைய வகை நீட்சிகளை (பிரவுசரோடு சேர்த்துப் போடும் சின்ன ஆப்களை) படிப்படியாக நிறுத்தியது. அதில் முழு யூபிளொக் ஒரிஜினும் போய்விட்டது. லைட் என்ற சுருங்கிய பதிப்புதான் இப்போது ஓடுகிறது. பயர்பொக்ஸில் முழுதாக ஓடுகிறது, ஆண்ட்ராய்ட் போனிலும்தான். நான் என் கடைக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் கொடுப்பது அதைத்தான்.

"ஆட் வராது, நெட்டும் ஃப்ரீ": ஊர் பேர் தெரியாதவரின் விபிஎன்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். விபிஎன் என்பது போனின் போக்குவரத்தை, அதாவது அதில் போகும் வரும் எல்லாவற்றையும், இன்னொருவரின் கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப். இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது கண்டிப் பக்கத்து ஆட்களுக்கு மறந்திருக்காது. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. கம்பளையில் இருந்தவர் நாவலப்பிட்டியில் இருக்கும் தங்கச்சி பத்திரமா என்று கேட்க வழியில்லை. யாரோ "விபிஎன் போடு, வேலை செய்யும்" என்றார்கள். பிளே ஸ்டோரில் முதலில் வந்ததை ஊரே போட்டது. 2019 ஏப்ரலில், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மறுபடியும் முடக்கம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு முறை. ஒவ்வொரு முடக்கத்திலும், யாரென்று பார்க்காமல் போனின் முழுப் போக்குவரத்தையும் ஒருவர் கையில் கொடுக்க ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். முடக்கம் நீங்கியது, பழக்கம் மட்டும் நீங்கவில்லை.

அந்தப் பழக்கத்தின் மேல்தான் இப்போது வட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒரு வியாபாரம் நடக்கிறது. மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் "வி2ரே பைல்", அதாவது விபிஎன் ஆப்பில் ஏற்றும் அமைப்புக் கோப்பு ஒன்று தருவார்கள். சூம் பெக்கேஜ் போட்டிருக்கும் சிம்மில் அந்த பைலை ஓட்டினால், நீங்கள் யூடியூப் பார்த்தாலும் கம்பனிக்கு அது சூம் வகுப்பு மாதிரித் தெரியும். கூடவே விளம்பரமும் வடிகட்டப்படும் என்பார்கள். படிக்கிற பிள்ளைக்கு டேட்டா கட்டணம் பெரிய சுமை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த பைல் என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் போனில் இருந்து புறப்படும் எல்லாமே விற்றவர் வாடகைக்கு எடுத்த ஒரு சேவர் (இணையத்தில் எப்போதும் ஓடும் கணினி) வழியாகத்தான் வெளியே போகின்றன. எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் பயமுறுத்தவும் கூடாது. முகவரி https என்று தொடங்கும், அதாவது பூட்டுப் போட்ட தளங்களில் நீங்கள் எழுதும் கடவுச்சொல்லை, நடுவில் இருக்கும் சேவரால் அப்படியே படிக்க முடியாது. பூட்டு அதற்காகத்தான். ஆகவே விற்பவர்களில் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் அடுத்த படிக்குப் போகிறார்கள். "இந்த ஆப்பையும் போடுங்க, ஆட் சுத்தமா நிக்கும்" என்று ஏபிகே அனுப்புவார்கள். அது சான்றிதழ் (இந்தத் தளம் உண்மையானது என்று போனுக்கு உறுதி சொல்லும் கோப்பு) ஒன்றை நிறுவச் சொன்னால், பிரவுசரின் பூட்டுக்கு மறுசாவி கேட்கிறது என்று அர்த்தம். அதை நிறுவிய போனில் "வலையமைப்பு கண்காணிக்கப்படலாம்" என்ற அறிவிப்பு வந்து நிற்கும். கடைக்கு வரும் போன்களில் அதை நான் பார்க்கிறேன். கேட்டால், "அது ரொம்ப நாளா இருக்குண்ணே" என்பார்கள்.

அணுகல்தன்மை அனுமதி அதைவிட மோசம். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவதற்காக வந்த வசதி அது. அதைப் பெற்ற ஆப், திரையில் உள்ள எதையும் படிக்கும், உங்களுக்குப் பதிலாக பட்டனும் அமுக்கும். ஆண்ட்ராய்ட் 13இல் இருந்து, வெளியே வாங்கிப் போட்ட ஏபிகேக்கு அந்த அனுமதி சும்மா திறக்காது. செட்டிங்ஸில் தனியாகப் போய் விடுவிக்க வேண்டும். கூகுள் வைத்த அந்தத் தடையை எப்படித் தாண்டுவது என்றும் விற்பவரே வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். பிள்ளைகளும் ஒவ்வொரு படியாகக் கேட்டுச் செய்கிறார்கள்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு தம்பி வந்தான். பேஸ்புக் திறக்கவில்லை என்றுதான் வந்தான். அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அனுப்பும் பணம் இவன் கணக்கில்தான் விழும். ஏழு பேர்ச்சஸ் காணியில் பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போடச் சேர்த்த பணம். போனை வாங்கிப் பார்த்தேன். விளம்பரம் தடுக்கும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, அணுகல்தன்மை அனுமதி, இரண்டும் கொடுத்திருந்தான். "வங்கிக் கணக்கைப் பாரு" என்றேன். பார்த்தான். முந்தைய இரவு, போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிய நேரத்தில், பணம் துண்டு துண்டாகப் போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் வந்த ஓடிபி எண்ணை ஆப்பே எடுத்துக்கொண்டிருக்கிறது. சரியான ஓடிபியோடு நடந்த பரிமாற்றம், எங்கள் பொறுப்பில்லை என்றது வங்கி. அந்த ஆப்பை அனுப்பிய குழு அதற்குள் காணாமல் போயிருந்தது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று அவன் என் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பெரிய கம்பனி விபிஎன் என்றால் சரிதானே அண்ணே?" என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். பேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ, பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன இலவச விபிஎன். பாவிப்பவர்கள் வேறு எந்த ஆப்களை எவ்வளவு நேரம் திறக்கிறார்கள் என்று அதன் வழியாகவே பேஸ்புக் பார்த்துக்கொண்டிருந்தது. 2018இல் ஒனாவோ ஆப்பிள் கடையில் இருந்து வெளியேறியது. அதை நடத்திய துணை நிறுவனங்களுக்கு 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. அவாஸ்ட் வைரஸ் தடுப்புக் கம்பனியும் அப்படித்தான். இணையத்தில் நம்மைப் பின்தொடரும் கம்பனிகளைத் தடுப்பதாகச் சொன்ன அதன் பிரவுசர் நீட்சிகள் மக்கள் பார்த்த பக்கங்களைச் சேகரித்தன. அந்த விவரங்கள் விற்கப்பட்டன. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1 கோடியே 65 இலட்சம் டொலர் கட்ட வைத்தது. அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2016இல் 283 ஆண்ட்ராய்ட் விபிஎன் ஆப்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் தீம்பொருளின் அடையாளம் இருந்தது. 18 சதவீதம் போக்குவரத்தைக் குறியாக்கம்கூடச் செய்யவில்லை. காவலுக்கு வைத்த ஆள் கையில் வீட்டுச் சாவியும் இருக்கிறது. அந்த ஆளை விசாரிக்காமல் வைக்கலாமா?

விபிஎன் ஆப்பை முதன்முறை திறக்கும்போது ஆண்ட்ராய்டே ஒரு பெட்டியில் சொல்கிறது, இந்த ஆப் உங்கள் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. அந்தப் பெட்டியில் எல்லோரும் படிப்பது "சரி" என்ற ஒரு சொல்லைத்தான். மேலே உள்ள மற்ற வரிகளையும் படியுங்கள். இன்றே செட்டிங்ஸில் போய் அணுகல்தன்மைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே விளம்பரத் தடுப்பானோ விபிஎன்னோ இருந்தால் எடுத்துவிடுங்கள். விளம்பரம் தடுக்க அந்த அனுமதி தேவையே இல்லை.

பிரைவேட் டிஎன்எஸ் யூடியூப்பையும் தடுக்கும் என்று நினைப்பது

தடுக்காது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டு அது இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரிப் புத்தகம் மாதிரி. அதை நீங்களே தெரிவு செய்யும் வசதிதான் பிரைவேட் டிஎன்எஸ், ஆண்ட்ராய்ட் 9 முதல் உள்ளது. அட்கார்ட் போன்ற ஒரு சேவையின் முகவரியைப் போட்டுவிட்டால், ஆப்களுக்குள் வரும் விளம்பரங்களில் பல நின்றுவிடும். டேட்டாவும் மிச்சம். தனி ஆப் எதுவும் தேவையில்லை. ஆனால் டிஎன்எஸ் தளத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தடுக்கிறது. யூடியூப்பில் வீடியோவும் விளம்பரமும் ஒரே இடத்தில் இருந்து வருவதால் பிரிக்க முடியாது. இதற்காக ஆத்திரப்பட்டுத்தான் பலர் மேலே சொன்ன ஏபிகே பக்கம் போகிறார்கள். அதற்குப் பதிலாக, யூபிளொக் ஒரிஜின் போட்ட பயர்பொக்ஸில் யூடியூப்பைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. சில பாடசாலை, ஹோட்டல் வைபைகளில் இந்த டிஎன்எஸ் வழியை அடைத்திருப்பார்கள். அங்கே போனவுடன் "நெட் இல்லை" என்று காட்டும். போன் பழுதாகிவிடவில்லை. அந்த நேரத்துக்கு அதைத் "தானியங்கி"யில் விட்டால் சரி.

மறைநிலைச் சாளரத்தில் (இன்கொக்னிட்டோ) யாருக்கும் தெரியாது என்று நம்புவது

பார்த்த தளங்களின் பட்டியல் உங்கள் போனில் மிஞ்சாது. தளத்துக்கும் சிம் கம்பனிக்கும் தெரியும்.

அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்புவது

விளம்பரத் தடுப்பானால் தடுக்க முடியாத கசிவு இது. கொழும்பில் வேலை, அஸ்வெசும கொடுப்பனவு, இலவச டேட்டா என்று பேஸ்புக்கில் வரும் படிவங்களுக்கு அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். எண் மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். பழைய அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய எண்ணில் வருடம் முழுதாகவே இருக்கும். எண்ணைப் பார்த்தவருக்கு உங்கள் பிறந்த திகதியும், ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பிறந்த திகதியைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார்கள். அனுப்பியே ஆக வேண்டிய இடமென்றால், எதற்காக, யாருக்கு, என்ன திகதி என்று படத்தின் குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

இரண்டு சட்டங்களை எல்லோரும் போட்டுக் குழப்புகிறார்கள். இரண்டுமே 9ஆம் இலக்கச் சட்டங்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் விவரங்களை வாங்கும் நிறுவனங்கள் அவற்றை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய்க்கொண்டே வந்தது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், நிகழ்நிலைக் காப்புச் சட்டம். அது நீங்கள் இணையத்தில் என்ன எழுதுகிறீர்கள், பகிர்கிறீர்கள் என்பதைப் பற்றியது. ஒருவரைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு அவருடைய தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவதும் அதில் குற்றம். காதல் முறிந்த கோபத்தில் பெண் பிள்ளையின் நம்பரைக் குழுவில் போடும் பையன்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்கிறேன். விளம்பரம் தடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவு இரண்டிலும் கிடையாது.

மாட்டிக்கொண்டவுடன் போனை ரீசெட் செய்வது

பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது இதுதான். ரீசெட் செய்தால் எந்த ஆப், யார் அனுப்பியது, எப்போது என்பதற்கான சாட்சியெல்லாம் அதோடு போய்விடும். முதலில் டேட்டாவையும் வைபையையும் நிறுத்துங்கள், சிம்மைக் கழற்றுங்கள். வேறு போனில் இருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பிறகு அந்த ஆப், அதன் அனுமதிகள், அனுப்பியவரின் செய்திகள் எல்லாவற்றையும் இன்னொரு போனால் படம் எடுத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு கொடுங்கள். முறைப்பாட்டுப் பிரதி கைக்கு வந்த பிறகு போனைக் கொண்டு வாருங்கள், ரீசெட்டை நான் செய்து தருகிறேன்.