அசைவைக் கண் எப்படிக் காண்கிறது: தோட்டப்புறத்திலேயே செய்து பார்க்கும் முறை

ஒரு பொருள் முதலில் இங்கும் பிறகு அங்கும் இருப்பதைக் கண்டு, அது நகர்ந்திருக்கிறது என்று நாம் கணக்கிட்டுக்கொள்வதில்லை. அசைவை மூளை தனியாகவே உணர்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பதே மேல். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பீடோர் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் அதற்கு வேண்டியவை அனைத்தும் அருகிலேயே கிடைக்கின்றன.

நீர்வீழ்ச்சியில் தொடங்குவது நல்லது. தாப்பாவைத் தாண்டிச் சென்றால், நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் லாத்தா கிஞ்சாங் இருக்கிறது. வழுக்குப் பாறையில் ஏறாமல் கீழே உறுதியான இடத்தில் நின்று, நீருக்கிடையே துருத்திக்கொண்டிருக்கும் பாறை முனை ஒன்றைக் குறியாகக் கொண்டு, பார்வையை நீரோடு இறங்கவிடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு பக்கத்துப் பாறையைப் பார்த்தால், அது மேல்நோக்கி நகர்வதாகத் தோன்றும். ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். நகர்வும் இடமும் மூளைக்கு வெவ்வேறு செய்திகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் நீர்வீழ்ச்சியில் இதைக் கண்டு எழுதினார். கீழ்நோக்கிய அசைவுக்கு எதிர்வினை தரும் நரம்பணுக்கள் தொடர்ந்து இயங்கித் தளர்ந்துவிட, மேல்நோக்கிய அசைவுக்குரியவற்றின் கை ஓங்குவதே காரணம். அடுத்த முறை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீரைப் பார்த்துவிட்டு, மூடியிருந்த கண்ணால் மட்டும் பாறையைப் பாருங்கள். சற்று மங்கலாகவேனும் அதே மாயம் தெரிந்தால், அது விழியில் மட்டும் நிகழ்வதன்று, இரு கண்களின் செய்தியும் கலந்த பிறகு மூளையில் நிகழ்வது என்று கொள்ளலாம். மூளையில் அசைவை உணரும் பகுதி பழுதுபட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1983இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எழுதினர்: கோப்பையில் ஊற்றும் தேநீர் அவருக்கு உறைந்து நிற்பதாகத் தெரிந்தது.

அடுத்த சோதனைக்கு நூல், எலுமிச்சம்பழம், கறுப்புக் கண்ணாடி ஆகியவை போதும். லயத்து வீட்டு அஞ்சடியின், அதாவது முன்தாழ்வாரத்தின், உத்தரத்தில் ஒரு மீட்டர் நூலில் பழத்தைத் தொங்கவிட்டு, உங்கள் பார்வைக்குக் குறுக்காக, இடமும் வலமும் மட்டும் ஆடும்படி விடுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையால் வலக்கண்ணை மட்டும் மறைத்து, இரு கண்களையும் திறந்தே வைத்துப் பாருங்கள். நேர்க்கோட்டில் ஆடும் பழம் நீள்வட்டத்தில் சுற்றும்: வலப்பக்கம் போகும்போது உங்களை நெருங்கும், இடப்பக்கம் திரும்பும்போது விலகும். மங்கிய ஒளியைக் கண் சற்றுத் தாமதமாக அனுப்புவதால், இரு கண்களும் பழத்தை வெவ்வேறு இடத்தில் காண்கின்றன; மூளை அந்த வேறுபாட்டை ஆழமாக மாற்றிக்கொள்கிறது. 1922இல் இதை விளக்கிய கார்ல் புல்ஃப்ரிக் ஒரு கண்ணில் பார்வை இழந்தவர். தாம் விளக்கியதை அவரால் காண முடியவில்லை.

விலங்குகளில் கோழி எளிது. நடக்கும் கோழியைக் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளியாக எடுத்துப் பாருங்கள். தலை முன்னே பாய்ந்து, உடல் வந்து சேரும்வரை அதே இடத்தில் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் சுற்றுப்புறக் காட்சி விழியில் நகர்வதில்லை. 1978இல் ஃப்ராஸ்ட் என்ற ஆய்வாளர் புறாக்களை ஓடுபட்டையில் (ட்ரெட்மில்) நடக்கவிட்டபோது, சுற்றுப்புறம் நகராததால் அவற்றின் தலையாட்டமும் நின்றது. ஈயின் கண் இன்னும் விரைவானது: வினாடிக்கு ஏறத்தாழ 60 முறைக்கு மேல் மினுக்கும் ஒளி நமக்கு நிலையாகத் தெரிய, ஈ 200ஐத் தாண்டியும் மினுக்கலைக் காண்கிறது.

கடைசியாகத் தேரை. இரவில் வாசல் விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் தேரையின் முன், மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள கறுப்பு அட்டைத் துண்டை மெல்லிய கம்பியில் ஒட்டி, புழுவைப் போல நீளவாக்கில் நகர்த்துங்கள். பிறகு அதே துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதே வேகத்தில் நகர்த்துங்கள். ஐரோப்பியத் தேரைகளை ஆராய்ந்த யோர்க்-பீட்டர் ஏவெர்ட், அவை முதலாவதை இரையாகக் கருதித் திரும்பிப் பாய்வதையும் இரண்டாவதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாததையும் கண்டார். நம் ஊர்த் தேரை எத்தனை முறை திரும்புகிறது என்று இரண்டுக்கும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். தோலில் நஞ்சு சுரப்பதால் அதைத் தொடக்கூடாது. ஒரே தேரையிடம் திரும்பத் திரும்பக் காட்டினால் அது பழகிப்போய் எதற்கும் திரும்பாது. சில முறைக்குப் பின் வேறொன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.